பூசைக்கு முன்னால் முடித்துக் கொடுத்த வேலை

"பாத்ரூம் எங்க இருக்கு?" என்று கேட்டேன். எல்லோரும் எங்காவது ஓரிடத்தில் கேட்கிற கேள்விதான்.

வீட்டுக்கு வீடு சர்வீஸுக்குப் போகிற பெண் அதைக் கேட்கக் கூடாது என்பது எங்கள் கடையின் சட்டம். வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி வேல்ராஜ் அண்ணாச்சி சொல்லிவிட்டார். "தண்ணி குடுத்தாவன்னா குடி. குடுக்கலைன்னா பேசாம இரு. பாத்ரூம் மட்டும் வாயைத் தொறந்து கேட்டுராத செல்வி. அடுத்த தடவை நம்மளக் கூப்பிட மாட்டாவ." அவர் கெட்டவர் இல்லை. சங்கரன்கோவிலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற மனிதருக்கு எவ்வளவு தைரியம் தேவையோ, அவ்வளவு மட்டும் வைத்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் மேடம், இதை நானே எழுதுகிறேன். அண்ணாச்சி சொன்னதைக் கேட்டு உங்கள் ரைட்டர் எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். 'இசக்கிசெல்வி என்ற பெண்ணின் அனுபவக் குறைவால் ஏற்பட்ட கவனக்குறைவு' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்குக் கீழே நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஆயுத பூசை அன்று காலையில் சங்கரகோமதி அக்கா தன் வீட்டுக் கம்ப்யூட்டரைத் துடைக்கும்போது கரண்ட் அடித்துச் செத்தாள். அந்தக் கம்ப்யூட்டரில் கடைசியாக வேலை பார்த்தது நான். உங்கள் ஃபைலில் விபத்து என்று இருக்கிறது. அண்ணாச்சி, தன் கடையில் கொடுத்த பழைய சாமான்தான் காரணம் என்கிறார். அவர்மேல் கேஸ் போடப் போகிறீர்கள். இரண்டும் சரியில்லை. ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் கடைக்கு இந்த வருஷம் நல்ல சீசன். பழைய விண்டோஸுக்கு இனிமேல் அப்டேட் வராதாம் என்று போனில் யாரோ பேசிய வீடியோவைப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் பெட்டி வைத்திருக்கிற குடும்பமெல்லாம் பயந்து கிடந்தது. வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றுபோலத்தான் பேசுவார்கள். "நல்ல மிஷின்மா. அந்தக் காலத்துல மெட்ராஸ்லேருந்து வாங்கியாந்தது. கம்மில முடிச்சுக் குடு." திறந்தால் உள்ளே பல்லி முட்டை இருக்கும். டெஸ்க்டாப்பில் மகன் பத்தாவது பாஸான போட்டோ இருக்கும். மகன் சிங்கப்பூரில் இருப்பான். புதிது வாங்க வழியில்லாமல் வருகிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. அவர்களுக்கு நான் நன்றாகவே செய்து கொடுத்திருக்கிறேன். வழியிருந்தும் வருகிறவர்கள்தான் வேறு மாதிரி. அவர்களுக்கு வேகம் வேண்டும், செலவு வேண்டாம். என் வேலை வேண்டும், நான் வேண்டாம்.

பழைய பெட்டிக்கு வைத்தியம் எளிதானது. சுற்றுகிற ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்ட வேண்டும். கூட ஒரு ராம் சொருக வேண்டும். பிராசஸர் மேல் காய்ந்து கிடக்கிற பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும். தூசியை ஊத வேண்டும். முக்கால்வாசிப் பெட்டிகள் இதிலேயே எழுந்து ஓடும். புது விண்டோஸ் ஏறாத பெட்டிக்கு இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸைப் போட்டு, பழையது மாதிரியே படத்தையும் வைத்துக் கொடுத்தால் வித்தியாசமே தெரியாது. இதையெல்லாம் காலேஜில் சொல்லித் தரவில்லை. காலேஜில் கம்ப்யூட்டரின் தலைமுறைகளை மனப்பாடம் பண்ணச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். எங்கள் தெருமுனையில் பிளக்ஸ் வைத்தார்கள். ஊரின் மற்ற தெருக்காரர்கள் அதைப் படிக்காமல் போகப் பழகிக்கொண்டார்கள்.

இந்தப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு மேடம், உங்களுக்கும் தெரிந்திருக்கும். ரிப்பேருக்குப் பெட்டியை வீட்டை விட்டு வெளியே விடமாட்டார்கள். கடைக்குப் போனால் நல்ல பார்ட்ஸை உருவிக்கொண்டு ஓட்டையைப் போட்டுவிடுவோமாம். அதனால் ஆள் வீட்டுக்கு வர வேண்டும். அவர்கள் கண் முன்னால் கழற்ற வேண்டும். வீட்டு ஆம்பிளை எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருப்பார். பழைய டிஸ்கில் இருப்பதைப் புதிய டிஸ்குக்கு மாற்ற அரை நாள் ஆகும். அந்த அரை நாளும் நாம் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆறுமுகச்சாமி சார் வீட்டில் நான் உட்கார்ந்திருந்தது அப்படித்தான். சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் சூப்பிரண்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். பெட்டியின் மூடியைத் திறக்கும்போதே ஆரம்பித்தார்.

"நமக்கு எந்த ஊரும்மா?"

"மேலநீலிதநல்லூர் பக்கம் சார்."

"பக்கம்னா? ஊருக்குள்ளயா, வெளியவா?"

படித்தவர், அதனால் இதற்குமேல் நேராகக் கேட்க மாட்டார். நான் சொன்னேன். "அப்படியா" என்றார். தரையில் என் பக்கமாக வைத்திருந்த தன் காபி டம்ளரை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டார்.

சங்கரகோமதி அக்கா அவருடைய மருமகள். புருஷன் குவைத்தில் டிரைவர். பெட்டியைச் சரிபண்ண வேண்டும் என்று மாமனாரிடம் கெஞ்சிக் கூத்தாடியது அவள்தான். குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். போனில் கிளாஸ் பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது என்றாள். மாமனார் போனில் பேச வெளியே போனபோது மெதுவாக என் பக்கத்தில் வந்து குத்தவைத்தாள்.

"எனக்குக் கணக்குதான் வர மாட்டேங்கு செல்வி. நீ எழுதுனியா?"

"இல்லக்கா."

"ஏட்டி, டிகிரியை வச்சுக்கிட்டு எழுதாம இருக்கியா?"

"எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு."

"என்னது, ஊரான் வீட்டுத் தூசியை ஊதுறதா?"

சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு அவளைப் பிடித்திருந்தது என்பதை இங்கே எழுதிக்கொள்ள வேண்டும். பின்னால் குழப்பம் வரக் கூடாது.

டெஸ்டரை வைத்துப் பார்த்தபோது அந்த வீட்டு பிளக்கில் எர்த் இல்லை என்று தெரிந்தது. சொன்னேன். "ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இழுத்துருங்க சார். பெட்டியில கை வச்சா சுள்ளுன்னு இழுக்கும்."

"வீடு கட்டுன நாள்லேருந்து இப்படித்தான் ஓடுது. ஒரு ஆளை அடிக்கல. நீ புதுசு புதுசா செலவு இழுத்து விடாத தாயி."

கிளம்பும் முன் மறுபடியும் சொன்னேன். மறுபடியும் அதே பதில். நான் எச்சரிக்காத எதுவும் அந்த வீட்டில் நடக்கவில்லை.

இந்த இரண்டு எச்சரிக்கைக்கும் நடுவில்தான் பாத்ரூம் கேட்டேன். காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். டிஸ்க் பாதிதான் காப்பியாகியிருந்தது. எனக்கு அது எந்த நாள் என்பதைப் பெண்ணாகிய உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆறுமுகச்சாமி சார் கோபப்படவில்லை. அவர் மாதிரி ஆட்கள் கோபப்பட மாட்டார்கள். "பைப்புல தண்ணி வரலம்மா" என்றார். "பஸ் ஸ்டாண்டுல கட்டுன கக்கூஸ் கெடக்குல்லா. ஊர்ல எல்லாரும் அங்கனதான போறாவ. போய்ட்டு வா, மிஷினை நான் பாத்துக்கிடுதேன்." அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாடி டேங்க் நிறைந்து சன் ஷேடில் வழிகிற சத்தம் கேட்டது.

கோமதி அக்கா அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். மாமனாரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

நான் போகவில்லை. வேலையை முடித்துவிட்டே எழுந்தேன். பவர் சப்ளை இரைந்துகொண்டிருந்தது. அதை மாற்ற வேண்டும், சாமான் வந்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கேட் வரைக்கும் அக்கா பின்னாலேயே வந்தாள். "மனசுல வச்சுக்காத செல்வி. மாமா அப்படித்தான். அவிய தூங்குற நேரமா இருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பேன்."

அதை நான் வெகுநேரம் யோசித்தேன். மாமனார் முடியாது என்றார். அதில் ஒரு நேர்மை இருந்தது. இவள் அவர் தூங்கும்போது திருட்டுத்தனமாக மூத்திரம் பெய்ய எனக்கு அனுமதி கொடுக்கிறாள். கொடுத்துவிட்டு அதற்கு நான் நன்றி சொல்வேன் என்று முகத்தையும் பார்க்கிறாள். நான் சொன்னேன். "பரவால்லக்கா" என்றேன்.

அன்று நான் எங்கே போனேன், என் சுடிதார் எப்படி இருந்தது என்பதெல்லாம் உங்கள் விசாரணைக்குத் தேவையில்லை. கடையில் வந்து சொன்னபோது அண்ணாச்சி, "நான் அப்பமே சொன்னேன்லா, கேக்காதன்னு" என்றார்.

கோபத்தில் செய்துவிட்டேன் என்று எழுதினால் தண்டனை குறையும் என்று உங்கள் கான்ஸ்டபிள் அம்மா அன்போடு சொன்னார்கள். கோபம் இல்லை. இடையில் நாள் கிடந்தது. வேறு வீடுகளுக்குப் போனேன். கரிவலத்தில் ஒரு வாத்தியார் வீட்டுப் பெட்டிக்கு எஸ்.எஸ்.டி. மாட்டினேன். இளையரசனேந்தலில் ஒரு பையனுடைய பழைய லேப்டாப்புக்குக் கீபோர்டு மாற்றிக் கொடுத்தேன். அவன் அம்மா முறுக்கு கொடுத்தாள். எல்லா இடத்திலும் வேலையைச் சுத்தமாகச் செய்தேன். கோபத்தில் இருக்கிறவளால் அது முடியாது.

பூசைக்கு முந்தின நாள் சாமான் வந்தது. வந்ததில் நல்ல பவர் சப்ளையாக நானே பார்த்து எடுத்தேன். அதனால்தான் சொல்கிறேன், அண்ணாச்சி கொடுத்த சாமானில் ஒரு குறையும் இல்லை.

ஆறுமுகச்சாமி சார் வீட்டில் ஆயுத பூசைக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. "இந்த வருஷம் பூசைக்கு மிஷின் ஓடணும்" என்றார். "தெருவுல எல்லாரும் வருவாவ. கோமதி அம்மன் படத்தை டிவியில வைக்குற மாதிரி பெருசா வச்சுக் குடு." மானிட்டரை அவர் டிவி என்றுதான் சொல்வார். சுவிட்சை அணைக்கிற பழக்கம் அந்த வீட்டில் கிடையாது. சுவிட்ச் போர்டு மேஜைக்குப் பின்னால் இருந்தது, குனிய யாருக்கும் சோம்பல்.

அக்கா வாளியில் தண்ணீரும் துணியுமாக உட்கார்ந்து தையல் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மகளைக் காணவில்லை.

"பாப்பா எங்கக்கா?"

"லீவுன்னு எங்கம்மா வீட்டுக்கு அனுப்பிட்டேன். இருந்தா ஒரு வேலையும் பாக்க விட மாட்டா."

அதைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். பிள்ளை இருந்திருந்தால் ஒரு பார்ட் விட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டு வேறு நாள் வந்திருப்பேன். அந்த அளவுக்கு யோசிக்கிறவளை அனுபவக் குறைவு என்று எழுதியிருக்கிறார் உங்கள் ரைட்டர்.

ஆறுமுகச்சாமி சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் கையையே பார்த்தார். பழைய பவர் சப்ளையைக் கழற்றினேன், பார்த்தார். புதியதை மாட்டினேன், பார்த்தார். ஒரு வயரை அது போக வேண்டிய இடத்துக்குப் போகவிடாமல், போகக் கூடாத இடத்தில் முறுக்கினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து அதையும் பார்த்தார்.

"எல்லாம் கரெக்டா மாட்டிட்டியா?"

"மாட்டிட்டேன் சார்."

"பழைய சாமானை இங்கனயே வச்சுட்டுப் போ. எடைக்குப் போட்டுக்கிடலாம்."

அவர் கவலைப்பட்டது அதற்குத்தான். இத்தனை வருஷமாக இந்த ஊர் ஆம்பிளைகள் நாற்காலி போட்டு என் கையைப் பார்த்திருக்கிறார்கள். நான் எதையாவது எடுத்துப் போய்விடுவேனோ என்று பார்ப்பார்கள். எதை வைத்துவிட்டுப் போகிறேன் என்று ஒருத்தரும் பார்த்ததில்லை.

மூடியை முடுக்கினேன். பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டேன். அம்மன் படம் பளிச்சென்று வந்தது. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இங்கே நீங்கள் கேட்ட கேள்வி வருகிறது. கோபம் கிழவர்மேல், செத்தது மருமகள், அப்படியானால் குறி தப்பிவிட்டதா என்று கேட்டீர்கள். நானும் முதலில் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். பூசையில் சந்தனமும் குங்குமமும் வைப்பது அவர்தான். "சந்தனம் நான்தான் வைப்பேன், இதுல பொம்பள கை வைக்கக் கூடாது" என்று அவரே என்னிடம் சொன்னார். ஈரச் சந்தனத்தோடு அவர் விரல் பெட்டியைத் தொடும் என்று ஒரு கணக்கு இருந்தது.

ஆனால் மேடம், எந்த வீட்டிலும் சந்தனம் பிறகுதான். முதலில் துடைக்க வேண்டும். துடைப்பது எந்த வீட்டிலும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர் இல்லை.

நான் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அக்கா கேட்டாள். "செல்வி, இதையும் காலையில தண்ணி தொட்டுத் துடைக்கலாமா? ஒண்ணும் ஆகாதுல்லா?"

அவள் என்னிடம்தான் கேட்டாள். எல்லாம் தெரிந்த மாதிரிப் பேசுகிற மாமனார் பக்கத்திலேயே இருந்தார். அவரிடம் கேட்கவில்லை. நான் படித்தவள் என்று என்னிடம் கேட்டாள்.

"வெளிப்பக்கந்தானக்கா. நல்லாத் துடைங்க" என்றேன்.

ஏன் என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். அவள் அந்தப் பரீட்சையில் பாஸ் ஆகியிருப்பாள். கெட்டிக்காரி. ஏதோ ஒரு ஆபீஸில் நாற்காலி கிடைத்திருக்கும். அந்த ஆபீஸுக்கும் ஒருநாள் ஒருத்தி வந்து, அக்கா, பாத்ரூம் எங்க இருக்கு என்று கேட்பாள். அவள் மேலதிகாரியைப் பார்ப்பாள், பிறகு தரையைப் பார்ப்பாள். ஆறுமுகச்சாமிகள் செத்துப்போவார்கள், வயதாகிவிட்டது. தரையைப் பார்க்கிறவர்கள்தான் அவர்கள் இடத்துக்கு வருகிறார்கள். பழைய பெட்டியில் எதை மாற்றினால் பெட்டி மாறும் என்று கண்டுபிடிப்பதுதான் என் தொழில். அதைத்தான் செய்தேன்.

அக்கா செத்த வீட்டுக்குத் துட்டி கேட்கப் போனேன். ஆறுமுகச்சாமி சார் பந்தலில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "விதி தாயி" என்று என்னிடமே சொன்னார். கூட்டத்தில் யார் யாரோ அந்த வீட்டுப் பாத்ரூமுக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள். நானும் போனேன். யாரும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. தண்ணீர் நன்றாக வந்தது.

அங்கிருந்து கடைக்கு வந்தபோது அண்ணாச்சி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். உங்கள் ஸ்டேஷனிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

"செல்வி, நீ யார்கிட்டயும் வாயைத் தொறக்காத. பழைய சாமான் நான் குடுத்தது, பிள்ளை தெரியாம மாத்தி மாட்டிட்டான்னு சொல்லிட்டேன். கோர்ட்டு கேஸுன்னு கொஞ்ச நாள் நான் அலைஞ்சுக்கிடுதேன். நீ வயசுப்பிள்ள. நாளைக்கு ஒங்கப்பன் மூக்காண்டி மொகத்துல நான் முழிக்கணும்."

"எனக்கு மாட்டத் தெரியாதுன்னா சொன்னீய?"

"வேற என்னத்தச் சொல்லச் சொல்லுத?"

"எது எங்க போகணும்னு எனக்குத் தெரியும் அண்ணாச்சி. தெரிஞ்சுதான் மாட்டினேன்."

அவர் எழுந்து என் பக்கத்தில் வந்தார். என் தலையில் கை வைத்தார். "துட்டி வீட்டுக்குப் போயிட்டு வந்து கிறுக்குப் பிடிச்ச மாதிரி உளறுத. தலைக்குக் குளிச்சுட்டுப் படு. ரெண்டு நாள் கடைக்கு வர வேண்டாம்." அவர் நம்பவே இல்லை. நான் கொலை செய்தேன் என்பதை அவரால் நம்ப முடியவில்லை என்றால் எனக்கு வருத்தம் இல்லை. எனக்கு வேலை தெரியும் என்பதையே அவர் நம்பவில்லை.

அதற்குமேல் அவரிடம் பேச ஒன்றும் இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, ஷட்டருக்கு அடியில் குனிந்து, தெருவில் இறங்கினேன். பின்னால் "ஏட்டி செல்வி, எங்கன போற" என்று கூப்பிட்டார். திரும்பவில்லை. எங்கே போகிறேன் என்பது துட்டி வீட்டிலேயே முடிவாகியிருந்தது. கோமதி அக்கா செத்ததை ஒரு ஆம்பிளை விதி என்கிறார், இன்னொரு ஆம்பிளை கைத்தவறு என்கிறார். அந்தப் பாவப்பட்டவளுக்காகப் பேச ஒரு பொம்பளையாவது வர வேண்டாமா என்று நினைத்துக்கொண்டேதான் இவ்வளவு தூரமும் நடந்து வந்தேன்.